‘அர்த்’, ‘மறுபடியும்’: ஒரு மனைவி கேட்ட கடைசிக் கேள்வி

1993 பொங்கலுக்கு வெளிவந்த ‘மறுபடியும்’ படத்தை அம்மாவுடனும் பெரியம்மாவுடனும் பார்த்தேன். படம் விட்டு பஸ்சுக்காக நின்றிருந்தபோது பெரியம்மா கேட்டார்: “அவன்தான் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டானே, இன்னும் என்ன வேண்டுமாம் அவளுக்கு?” அம்மா அதற்கு வாய் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்து, “அந்த வீடு யார் பெயரில் இருந்திருக்கும்?” என்று மட்டும் கேட்டார். அப்போது நான் பள்ளி மாணவி. பெரியம்மாவின் கேள்வி புரிந்தது. அம்மாவின் கேள்வி புரியப் பல ஆண்டுகள் ஆயின.

பாலு மகேந்திரா இயக்கிய ‘மறுபடியும்’, மகேஷ் பட் 1982-ல் இந்தியில் எடுத்த ‘அர்த்’ படத்தின் தமிழாக்கம். ‘அர்த்’ என்றால் பொருள், அர்த்தம். கல்லூரி நாட்களில் மூலப்படத்தைத் தேடிப் பார்த்தேன். அதன் பிறகு எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. கணவன் இன்னொருத்தியிடம் போன கதைகள் நம்மிடம் ஏராளம். அவற்றில் எதுவும் கடைசி இரண்டு நிமிடங்களில் இப்படி என்னை உலுக்கியதில்லை.

கதை எளிமையானது. பூஜா (ஷபானா ஆஸ்மி) அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்பது அவளுடைய சிறுவயது ஆசை. வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டிய நெருக்கடியில், திரைப்பட இயக்குநரான கணவன் இந்தர் (குல்பூஷண் கர்பந்தா) ஒருநாள் புது வீட்டுச் சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுக்கிறான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. திரைச்சீலை எங்கே, கட்டில் எங்கே என்று அவள் மனம் வீட்டை நிரப்பத் தொடங்குகிறது. அந்த வீட்டுக்கான பணம், கணவன் காதலிக்கும் நடிகை கவிதாவின் (ஸ்மிதா பாட்டில்) வழியாக வந்தது என்பது பின்னால்தான் தெரிகிறது. துரோகம் தெரிந்த அன்று அவளுக்குக் கணவனும் போகிறான், வீடும் போகிறது. சிறுவயது முதல் கண்ட கனவே அவளை ஏமாற்றும் கருவியாகிவிட்டது. திருமணத்துக்கு முன்பு தன்னிடம் இருந்த 2000 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு அவள் மகளிர் விடுதிக்குப் போகிறாள்.

கணவன் பிரிந்த உடனேயே புரட்சி பேசும் பெண்ணாக பூஜாவைக் காட்டாததற்காக மகேஷ் பட்டுக்கு நன்றி சொல்வேன். அவள் கெஞ்சுகிறாள். தொலைபேசியில் கவிதாவிடமே, என் கணவனை எனக்குத் திருப்பிக் கொடு என்று அழுகிறாள். ஒரு விருந்தில் குடித்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவே கவிதாவைக் கேவலமாகப் பேசித் தன் மானத்தையும் கெடுத்துக்கொள்கிறாள். அந்தக் காட்சியை என்னால் இன்றும் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை. அவள் பேசுவது நியாயம்தான். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கண்ணில் அவள்தான் அசிங்கமாகிறாள். துரோகம் செய்தவன் பக்கத்தில் கண்ணியமாக நிற்கிறான். ஊர்க் கல்யாண வீடுகளில் இதை நேரில் கண்டவர்கள் உண்டு. கத்துகிற பெண்ணைத்தான் எல்லோரும் அடக்கப் பார்ப்பார்கள்.

கடைசியில் கவிதா இந்தரை விலக்கிவிட, அவன் பூஜாவிடம் திரும்பி வருகிறான், மன்னிப்புக் கேட்கிறான். அவள் திட்டவில்லை, அழவில்லை. நான் உங்களை விட்டு இன்னொருவருடன் போய், இப்போது இப்படித் திரும்பி வந்திருந்தால் என்னை ஏற்றுக்கொண்டிருப்பீர்களா என்று கேட்கிறாள். அவன் ஒரு நொடி நிற்கிறான். “மாட்டேன்” என்கிறான். அவள் போய்விடுகிறாள்.

என் பெரியம்மாவின் கேள்வியை அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே பம்பாயின் விநியோகஸ்தர்கள் கேட்டிருக்கிறார்கள். ஷபானா ஆஸ்மி பல பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார்: கணவனே வந்து மன்னிப்புக் கேட்ட பிறகும் மனைவி ஏற்காமல் போனால் படம் ஒருநாள்கூட ஓடாது, முடிவை மாற்றுங்கள் என்றார்களாம். இயக்குநர் மாற்றவில்லை. படம் ஓடியது. ஷபானாவுக்கு அந்த நடிப்புக்காகத் தேசிய விருதும் கிடைத்தது. படம் வந்த பிறகு பெண்கள் அவரை நடிகையாகப் பாராமல், தங்கள் வீட்டுப் பிரச்சினையைச் சொல்லித் தீர்வு கேட்கத் தேடி வரத் தொடங்கினார்கள் என்றும், பெண்கள் இயக்கத்தின் பக்கம் தன்னை நகர்த்தியதில் அதற்குப் பங்குண்டு என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.

பெரியம்மாவும் விநியோகஸ்தர்களும் அந்தக் காட்சியை மன்னிப்புக் காட்சியாகப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தால் பூஜா கல்நெஞ்சக்காரிதான். ஆனால் அவள் அவனுடைய வருத்தம் உண்மையா பொய்யா என்று ஆராயவே இல்லை. உண்மை என்றே எடுத்துக்கொள்கிறாள். ‘உனக்கு ஒரு தராசு, எனக்கு ஒரு தராசா?’ என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. இந்தர் பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். ‘ஏற்றுக்கொண்டிருப்பேன்’ என்று ஒரு வார்த்தை போதும். படம் முழுக்கப் பொய் சொன்னவன் அந்த இடத்தில் ஏன் உண்மை சொல்கிறான்? யோசித்துப் பார்த்தால், அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. ஓர் ஆண் மாட்டேன் என்று சொல்வது அவ்வளவு இயல்பானது, அதில் மறைக்க என்ன இருக்கிறது என்று நினைக்கும் உலகத்தில் அவன் வளர்ந்திருக்கிறான்.

அந்த உலகத்துக்குச் சட்டமும் இருந்தது. 1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 497-வது பிரிவு, பிறர் மனைவியுடன் அவள் கணவனின் சம்மதமோ உடந்தையோ இல்லாமல் உறவு கொள்ளும் ஆணுக்கு ஐந்தாண்டு வரை சிறை என்றது. இந்த வாசகத்தை நிதானமாகப் படித்தால் தலை சுற்றும். கணவன் சம்மதித்துவிட்டால் குற்றமே இல்லை. பெண்ணுக்குத் தண்டனை இல்லை; அதைப் பலர் சலுகை என்று நினைத்தார்கள். புகார் செய்யும் உரிமை அந்தப் பெண்ணின் கணவனுக்கு உண்டு. தவறு செய்த ஆணின் மனைவிக்கு அந்த உரிமை கிடையாது. இதை இந்தக் கதைக்குப் பொருத்திப் பாருங்கள். கவிதாவுக்குக் கணவன் இல்லை. ஆகவே 1982-ன் சட்டப்படி இந்தர் ஒரு குற்றமும் செய்யவில்லை. பூஜா எந்தக் காவல் நிலையப் படியேறியும் இந்தப் பிரிவின் கீழ் ஒரு புகார்கூடக் கொடுத்திருக்க முடியாது. பூஜாவை இன்னொருவன் அழைத்துக்கொண்டு போயிருந்தால் மட்டும் இந்தர் வழக்குப் போட்டு அவனைச் சிறைக்கு அனுப்பியிருக்கலாம்.

இந்தச் சிந்தனை ஆங்கிலேயனிடமிருந்து மட்டும் வந்ததில்லை. திருக்குறளின் ‘பிறனில் விழையாமை’ அதிகாரம் தொடங்கும்போதே பிறர் மனைவியைப் ‘பிறன்பொருளாள்’ என்கிறது. இன்னொருவனுக்குப் பொருளாக உள்ளவள். வள்ளுவரை நான் குறைசொல்ல வரவில்லை. அவர் அந்த ஆணின் பேதைமையைத்தான் கண்டிக்கிறார். ஆனால் தவறு யாருக்கு இழைக்கப்பட்டது என்று கேட்டால் சொல்லுக்குள்ளேயே விடை இருக்கிறது: அந்தப் பிறனுக்கு. தவறு செய்தவனின் வீட்டில் காத்திருப்பவள் அந்தச் சொல்லில் இல்லை.

1985-ல் உச்ச நீதிமன்றம் 497-வது பிரிவைச் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. மயக்குபவன் ஆண்தான், பெண் அல்ல என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விஷயம் என்று அந்தத் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட். 2018 செப்டம்பர் 27 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அந்தப் பிரிவை ரத்து செய்தது. கணவன் மனைவியின் எஜமானன் அல்ல என்றது. அந்த ஐவரில் ஒருவர் டி.ஒய். சந்திரசூட், முந்தைய தீர்ப்பை எழுதியவரின் மகன். பூஜா கேள்வி கேட்டு 36 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். 1982-ல் கணவனை விட்டு வெளியேறும் மனைவிக்கு என்ன கிடைத்திருக்கும்? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம். அதற்கு உச்சவரம்பு மாதம் 500 ரூபாய். ‘மறுபடியும்’ வந்த 1993-லும் அதே 500 ரூபாய்தான். 2001-ல்தான் அந்த வரம்பு எடுக்கப்பட்டது. சிவில் வழக்குப் போட்டால் கூடுதலாகக் கேட்கலாம், ஆனால் அதற்கு வக்கீலும் பணமும் காலமும் வேண்டும். மனைவி வேறொருவருடன் தகாத உறவில் வாழ்கிறாள் என்று கணவன் நிரூபித்துவிட்டால் அந்த ஜீவனாம்சமும் போய்விடும். கணவனின் உறவால் அவன் சொத்தில் ஒரு ரூபாயும் குறையாது. வீடோ, பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருடையது. பெயர் யாருடையதாக இருந்தாலும் கூடி வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை மனைவிக்கு உண்டு என்று சொன்னது 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். படம் வந்து ஒரு தலைமுறை ஆகப்போகும் நேரம்.

அதனால்தான் பூஜா விடுதிக்குப் போகும் காட்சி எனக்குக் கடைசிக் காட்சிக்கு நிகராகத் தோன்றுகிறது. உழைக்கும் மகளிர் விடுதிகளுக்கு மத்திய அரசின் உதவித் திட்டம் 1970-களின் தொடக்கத்தில்தான் வந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு இதே கதை நடந்திருந்தால் அநாதையான அவள் எங்கே போயிருப்பாள்? தாய்வீடு உள்ள பெண்களுக்கே தாய்வீட்டுக் கதவு எத்தனை நாளுக்குத் திறந்திருக்கும் என்பது நமக்குத் தெரியும். அம்மா அந்தக் கேள்வியை பூஜாவுக்காகத்தான் கேட்டாரா என்று நான் அவரிடம் கேட்டதில்லை.

படம் தமிழுக்கு வந்தபோது அதற்கு எதிரே நின்றது சட்டம் மட்டுமில்லை. நம் இலக்கியத்தில் மருதத் திணை முழுக்கவே இந்தக் கதைதான்: தலைவன் பரத்தையிடம் போகிறான், தலைவி ஊடுகிறாள். தூது வருபவர்களுக்குக் கதவடைப்பதற்கு ‘வாயில் மறுத்தல்’ என்று துறையே உண்டு. அந்தக் கோபத்தின் அழகை நான் இரசிக்கிறேன். ஆனால் வாயில் மறுத்தலுக்குப் பின்னால் வாயில் நேர்தல் காத்திருக்கிறது. கதவு கடைசியில் திறந்தாக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஊடலின் இனிமையே அதில்தான் இருக்கிறது.

கண்ணகி வாயிலைக்கூட மறுக்கவில்லை. பொருளெல்லாம் தொலைத்துவிட்டு வெட்கத்தோடு திரும்பி வரும் கோவலனிடம் முகம் மலர்ந்து “சிலம்புள கொண்ம்” என்கிறாள். அவளுடைய மனக்குறை வெளிப்படுவது மதுரையில், அவன் உயிரோடிருக்கும் கடைசி நாளில்: “போற்றா ஒழுக்கம் புரிந்தீர்”. பெரியோர் போற்றாத ஒழுக்கத்தைச் செய்தீர்கள். மூன்றே சொற்கள். சிலப்பதிகாரத்தில் மதுரை எரியும் இடத்தைவிட இந்த இடம் என்னை அதிகம் சுடுகிறது. அரசனிடம் நீதி கேட்கத் தெரிந்தவளுக்குக் கணவனிடம் இதற்குமேல் கேட்க இடமிருக்கவில்லை.

அன்றாடத் தமிழும் அப்படித்தான். ஆண் வைத்துக்கொள்வது ‘சின்னவீடு’. சொல்லிலேயே ஒரு செல்லம் ஒட்டியிருக்கிறது. பெண் போனால் ‘ஓடிப்போனவள்’, போய்த் திரும்பினால் ‘கெட்டுப்போனவள்’. ஓடிப்போய்த் திரும்பி வந்த ஆணைச் சுட்ட நம்மிடம் ஒரு வசைச்சொல்லும் இல்லை. ‘மனம் திருந்தி வந்துவிட்டான்’ என்போம். இந்த மொழியில் வளர்ந்த பார்வையாளர்கள் முன்னால் ரேவதி, துளசியாக நின்று அந்தக் கேள்வியைக் கேட்டார். கணவன் முரளிகிருஷ்ணாவாக நிழல்கள் ரவி, கவிதாவாக ரோகிணி. தமிழில் பாலு மகேந்திரா குரலைத் தாழ்த்தி எடுத்திருக்கிறார். ஷபானாவின் வெடிப்பு ரேவதியிடம் கிடையாது. ரேவதி உள்ளுக்குள் நொறுங்குகிறார், முகம் மட்டும் மெல்ல மாறுகிறது. இரண்டில் எது சிறந்தது என்று என்னைக் கேட்டால், விருந்துக் காட்சிக்கு ஷபானா, வீட்டுக்குள் தனியாக இருக்கும் எல்லாக் காட்சிகளுக்கும் ரேவதி.

‘அர்த்’ படத்தில் இன்னொரு மனைவியும் இருக்கிறாள். பூஜா வீட்டு வேலைக்காரம்மாவாக ரோகிணி ஹட்டங்கடி. குடிகாரக் கணவன், அவனுக்கும் வெளியே தொடர்பு. மகளைப் படிக்க வைக்கச் சேர்த்த பணத்தை அவன் எடுத்துத் தொலைத்துவிட, அவள் அவனைக் கொன்றுவிடுகிறாள். அவளுக்கு விடுதி இல்லை, கஜல் பாடி ஆறுதல் சொல்ல நண்பன் இல்லை, கேள்வி கேட்கும் அவகாசமும் இல்லை. சிறைக்குப் போகும்போதும் மகள் என்ன ஆவாள் என்பதுதான் அவளுடைய தவிப்பு. பூஜா அந்தக் குழந்தையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறாள். படித்த, நகரத்துப் பெண்ணின் சுயமரியாதைக் கதையாக மட்டும் படம் சுருங்காமல் காப்பாற்றுவது இந்த அம்மாள்தான்.

எனக்கு இந்தப் படத்தோடு தீராத ஒரு வழக்கும் உண்டு. கவிதாவை ஏன் மனநோயாளியாக்க வேண்டும்? நடிகை பர்வீன் பாபியுடன் தனக்கிருந்த உறவும், அப்போது அவருக்கிருந்த மனநோயும், அதனால் சிதறிய தன் குடும்பமும்தான் படத்தின் வேர் என்று மகேஷ் பட்டே பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார். சொந்தக் காயத்திலிருந்து, அதுவும் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி, மனைவியின் பக்கம் நின்று ஓர் ஆண் எழுதியது பெரிய விஷயம். ஆனால் அந்த இன்னொரு பெண் அப்போது உயிரோடு இருந்தார். 2005 வரை வாழ்ந்தார். அவருடைய நோயைக் கதைக்குப் பயன்படுத்தியதில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கதையளவிலும் அது ஒரு சறுக்கல். குற்ற உணர்ச்சியும் நோயும் சேர்ந்து கவிதாவை இந்தரிடமிருந்து பிரித்துவிடுவதால், தெளிந்த மனத்தோடு அவள் என்ன முடிவெடுத்திருப்பாள் என்று நமக்குத் தெரியாமலே போகிறது. ஸ்மிதா பாட்டில் தன் நடிப்பால் அந்தப் பாத்திரத்துக்கு உயிர் கொடுத்திருக்கிறார். எழுத்து அவருக்குத் துணை நிற்கவில்லை.

இந்த இடத்தில் நம் பழைய கவிதை முன்னால் நிற்கிறது. குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் பரத்தையையே பேச வைக்கிறார். என் வீட்டில் பெரிய பேச்சுப் பேசுகிறவன், தன் வீட்டில் மகனின் தாய்க்கு முன்னால் கண்ணாடிப் பாவை மாதிரி கையைத் தூக்கினால் தூக்குகிறான் என்கிறாள். நோயில்லை, குற்ற உணர்ச்சியில்லை. தான் நம்பியவன் யார் என்று கண்டுகொண்ட ஒரு பெண்ணின் கூர்மை மட்டும் இருக்கிறது. இந்தரைப் பற்றி கவிதா இப்படி நான்கு வரி பேசியிருந்தால் படம் இன்னும் உயர்ந்திருக்கும். இரண்டு வீட்டிலும் இரண்டு ஆளாக இருந்தவன்தானே அவன்.

பூஜா இரண்டு பேரை மறுக்கிறாள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்தருக்கு முன்பே ராஜ் (ராஜ் கிரண்) இருக்கிறான். நல்லவன், பாடகன், அவளுக்கு வேலை தேடித் தந்து எழுந்து நிற்க உதவியவன். ஜக்ஜித் சிங்கின் குரலில், ஷபானாவின் தந்தை கைஃபி ஆஸ்மி எழுதிய வரிகளில், இவ்வளவு சிரிக்கிறாயே, எந்தத் துயரத்தை மறைக்கிறாய் என்று அவளிடம் பாடியவன். அவன் திருமணம் செய்துகொள்ளக் கேட்கிறான். அவனையும் அவள் ஏற்கவில்லை. இன்னொரு தோளில் சாய்ந்தால் மறுபடியும் பலவீனமாகிவிடுவேன் என்று அஞ்சுகிறாள். தமிழில் அந்த இடத்தில் அரவிந்த்சாமி. ‘ரோஜா’ வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. எங்கள் ஊர்த் திரையரங்கில் ‘நலம் வாழ’ பாட்டுக்குக் கைதட்டியவர்கள், துளசி அவனையும் வேண்டாமென்றபோது உச்சுக்கொட்டினார்கள். நானும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு தொலைக்காட்சியில் அந்தப் படம் மறுபடி ஓடியது. பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தார். முரளிகிருஷ்ணா “மாட்டேன்” என்றதும், “நல்லவேளை, கேட்டுவிட்டாள்” என்றார். பிறகு, அந்தப் பாடுகிற பையனையாவது கட்டிக்கொண்டிருக்கலாம் என்று வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.